அறையின் சூடும் பாத்திரத்தின் சூடும் ஒன்றல்ல

“எந்த ஈஸ்டாக இருந்தாலும் அறை 28 டிகிரியில் இருந்தால் போதும், சீக்கிரம் நொதித்து பீர் நன்றாக வரும்” என்று வீட்டில் பீர் தயாரிப்பது பற்றி ஒருவர் சொல்லியிருக்கிறார். சீக்கிரம் நொதிக்கும் என்பது சரி. நன்றாக வரும் என்பதுதான் இடிக்கிறது.

நொதிக்கும்போது ஈஸ்டே வெப்பத்தை வெளியிடும். நுரை பொங்கும் வேகத்தில் உள்ளே இருப்பது அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். அப்போ உங்கள் 28 உள்ளே 31, 32 ஆகிவிடலாம். ஏல் என்ற பீர் வகைக்கான வழக்கமான ஈஸ்டுகள் பெரும்பாலும் 18–22 டிகிரிக்கானவை; அதைத் தாண்டினால் ஃப்யூசல் ஆல்கஹால் என்ற காட்டமான துணைப்பொருள் கூடி, நெயில் பாலிஷ் ரிமூவர் வாடையும் தொண்டைக் காந்தலும் வரும். மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் அது போகும் என்று நம்ப வேண்டாம்.

சுவை தீர்மானமாவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில். அதுவரை குளிர்ச்சியாக வையுங்கள். நுரை பொங்குவது அடங்கியபின் இரண்டு மூன்று டிகிரி ஏறினால் நல்லதுதான், நொதிக்கும்போது உண்டாகும் டயசெட்டில் என்ற பொருளின் வெண்ணெய் வாடையை ஈஸ்டே தின்றுவிடும்.

குளிர்விக்க வழியே இல்லையா? நார்வேயின் க்வெய்க் என்ற ஈஸ்ட் வகையை எடுங்கள், 30–40 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும். குளிரில் நொதிக்க வேண்டிய லாகர் பீர் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். அப்புறம், தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாமல் பாத்திரத்தின் மேல் ஒட்டுங்கள்.