மொரார்ஜியை மடக்க மட்டும்தானா?
1969 வங்கி தேசியமயம், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயை மடக்கப் பிரதமர் இந்திரா ஒரே இரவில் போட்ட திட்டம் என்கிறது கட்டுரை. தேதி வேண்டுமானால் அப்படி முடிவாகியிருக்கலாம். ஜூலை 16-ல் மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிபோனது, 19-ல் அவசரச் சட்டம், அதில் கையெழுத்திட்ட தற்காலிகக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி மறுநாளே பதவி விலகித் தேர்தலில் நின்றார். நல்ல வேகம்தான்! ஆனால் அந்த யோசனை பழையது. வங்கிகள் மீது 'சமூகக் கட்டுப்பாடு' (வங்கி தனியாரிடமே இருக்கும், கடன் யாருக்குப் போக வேண்டும் என்பதை அரசு வழிநடத்தும்) வேண்டும் என்று 1967 முதலே காங்கிரஸில் பேச்சு. அதற்கான சட்டத்தை 1968-ல் கொண்டுவந்ததே மொரார்ஜி நிதியமைச்சராக இருந்தபோதுதான். அப்போது வங்கிக் கடனில் விவசாயத்துக்குப் போனது சுமார் 2 சதவீதம். எங்கள் ஊரில் வங்கிக் கிளை எழுபதுகளில்தான் வந்தது. அதுவரை அப்பாவுக்கு விதைக்கும் உரத்துக்கும் அடகுக்கடைதான் கதி. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் வெளிநாட்டு வங்கிகளையும் சேர்த்து எடுத்ததாக எழுதியிருக்கிறார். இல்லை சார், 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 இந்திய வங்கிகள் மட்டும்தான். நம்ம இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் உண்டு. இந்த 14 வங்கிகளை மட்டும் எடுத்த பாரபட்சத்தையும், அவற்றுக்கான இழப்பீட்டில் இருந்த குறையையும் காரணம் காட்டித்தான் உச்ச நீதிமன்றம் 1970 பிப்ரவரி 10-ல் தேசியமயச் சட்டத்தை ரத்து செய்தது. நான்கே நாளில் புது அவசரச் சட்டம் வந்துவிட்டது. கட்டுரையில் இந்த வழக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?