"ரத்தத்தில் ஊறினது" என்று கதைக்கும் ஊர்ச்சனத்துக்கு

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா இப்போது கோயிலுக்குக்கூட வருவதில்லை. மூத்த மகன் கஞ்சாவை விடமுடியாமல் கிடக்கிறான், தகப்பனும் குடித்தே செத்தவர். "அது ரத்தத்தில் ஊறினது" என்று பாதிப்பேர், "வளர்ப்புச் சரியில்லை" என்று மிச்சப்பேர், அதுவும் அவ காதுபடவே. கேட்டுக் கேட்டுப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெடியனும் கூட்டாளியும் ஒரே ரியூசன். ஓ.எல். (பத்தாம் பதினோராம் வகுப்பு முடிவில் வரும் பொதுச் சோதனை) எழுதிவிட்டுச் சும்மா நின்ற மாதங்களில் ஒரே நாளில்தான் முதல் தரம் இழுத்தார்கள். கூட்டாளி ஒரு வருடத்தில் தானாகவே விட்டுவிட்டான். இவன் வேலையிலும் நிலைக்கவில்லை, அம்மாவின் தோடும் அடகுக்குப் போய்விட்டது. இவனுக்கு மனத்திடம் இல்லை என்று சொல்வது சுகம். ஆனால் தொட்டுப் பார்ப்பது வேறு, அதில் சிக்குப்படுவது வேறு.

2010இல் கஞ்சாப் பாவனை பற்றிய பல இரட்டையர் ஆய்வுகளைச் சேர்த்துக் கணித்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஒன்றுதான், மற்ற இரட்டையர் சாதாரண சகோதரங்கள்போலச் சராசரியாகப் பாதியையே பகிர்கிறார்கள், இந்த இரண்டு வகையையும் ஒப்பிட்டால் மரபின் பங்கு பிடிபடும். பாவனை பிரச்சினையாகும் கட்டத்தில் ஆட்களுக்கிடையிலான வேறுபாட்டில் மரபின் பங்கு ஆண்களில் 51%, பெண்களில் 59%. இரட்டையர் இருவருக்கும் பொதுவான வீட்டுச் சூழலின் பங்கோ, பெண்களில் தொடங்கும் கட்டத்தில் 39%, பிரச்சினைக் கட்டத்தில் 15%தான். வளர்ப்பு, வளர்ப்பு என்று அந்தத் தாயைக் குத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதற்காக "பார்த்தியா, பாதி தகப்பன்தான்" என்று தொடங்கிவிடாதீர்கள். அது கூட்டத்துக்கான கணக்கு, ஒரு பெடியனைப் பிளந்து பார்த்த கணக்கு இல்லை. கஞ்சாவுக்கென்று ஒற்றை மரபணுவும் கிடையாது, சிறு சிறு தாக்கமுள்ள பல மரபணுக்கள், சில மதுவோடும் சிகரெட்டோடும் தொடர்புபட்டவை. பொருள் கைக்கு வராத இடத்தில் அந்த மரபு சும்மா கிடக்கும். இங்கே யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் கேரள கஞ்சா பிடிபட்டது என்று பேப்பரில் வராத மாதம் இல்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது வயதுதான். பாவித்தவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் அடிமையாகிறார், பதின்வயதில் தொடங்கியவர்களில் அது 6 பேரில் ஒருவர். மூளை இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டுதான் இருக்கும். மரபை மாற்ற ஏலாது, தொடங்கும் வயதைத் தள்ளிப்போடலாம்.

நேற்று மதிலோரம் அந்த அம்மாவோடு கதைத்தேன். மூத்தவனை மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போக நானும் வருகிறேன் என்றேன், கொஞ்ச நேரம் அழுதா. இளையவனுக்கு 14 வயது. அவனைப் பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், என் மகனோடு சேர்ந்து கணக்குப் படிக்கட்டும்.