பையன்களுக்கும் செப்புச் சாமான் வாங்கிக் கொடுங்கள்

பெண் குழந்தைக்கு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தால் இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. "எம் பொண்ணு அப்படியே பையன் மாதிரி" என்று நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்படுகிறோம். அதுவே பையன் ஒரு பொம்மையை மடியில் போட்டுத் தாலாட்டினால் வீடே பதறுகிறது. பொம்மையில் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று நிறையப் பேர் பேசுகிறோம், நல்லதுதான். ஆனால் பெண்களுக்கு உரியது என்று ஒதுக்கி வைத்ததை எல்லாம் இன்னும் மட்டமாகத்தான் நினைக்கிறோம். எனக்குக் கோபம் அதில்தான்.

எங்கள் ஊர்த் திருவிழாக் கடையில் ஒரு பையனைப் பார்த்தேன். ஐந்து வயது இருக்கும். செப்புச் சாமான், அதாவது குட்டிக் குட்டிச் சமையல் பாத்திர பொம்மைகள், பரப்பியிருந்த இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சின்னத் தோசைக்கல்லில் வெறுங்கையால் மாவு ஊற்றி, வாயாலேயே 'சொய்ங்' என்று சத்தம் கொடுத்து, பக்கத்தில் நின்ற அப்பத்தாவுக்கு ஒரு தோசை நீட்டினான். அந்த அம்மாவும் வாங்கிச் சாப்பிடுகிற மாதிரி பாவனை செய்தார். அந்த நேரம் அவனுடைய அப்பா வந்தார். "எந்திரிடா, அது பொம்பளப் புள்ளைங்க விளையாடுறது" என்று கையைப் பிடித்து இழுத்து, ஒரு துப்பாக்கியை வாங்கிக் கொடுத்தார். அப்பத்தாவும் சட்டென்று மாறி, "ஆமா ராசா, நீ போலீஸ்காரன்ல" என்றார். அந்தப் பிள்ளை அழவில்லை. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, தோசைக்கல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

"பையன்கள் இயற்கையாகவே வண்டியைத்தான் எடுப்பார்கள்" என்று சொல்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. அது இயற்கை என்றால், இத்தனை அதட்டல் எதற்கு? தானாக நடக்கிற காரியத்துக்கு யாரும் காவல் போடுவதில்லையே.

இது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிகள் ரோஸும் நீலமும் பூசிக் கொண்டுவந்து இறக்கிய பழக்கம் என்றும் தப்பித்துக்கொள்ள முடியாது. கடவுளையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பாடுகிற நம் பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பருவத்தில் முதல் ஏழு இருபாலருக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிகிறது. ஆண்பிள்ளை சிறுபறை முழக்குவான், சிறுதேர் உருட்டுவான், சிற்றில் சிதைப்பான். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். எனக்கு மிகவும் பிடித்த பாடல்கள் அவை, தமிழின் அழகெல்லாம் அங்கே இருக்கிறது. ஆனாலும் சிற்றில் பருவத்தைப் படிக்கும்போது மனம் நெருடுகிறது. பெண் குழந்தைகள் மணலில் வீடு கட்டி, மணல்சோறு ஆக்கி விளையாடுகிறார்கள். அவன் காலால் எத்திவிட வருகிறான். "சிதைக்காதே" என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அவன் செய்வதைக் குறும்பு என்று ரசிக்கிறோம். இன்றைக்கும் மழலையர் பள்ளியில் இதே காட்சி நடந்தால், "பையன்னா அப்படித்தான் இருப்பான், நீ தள்ளிப் போய் விளையாடு" என்று அந்தப் பெண் பிள்ளையிடம்தானே சொல்கிறோம்?

செப்புச் சாமானில் என்ன குறை கண்டோம்? அம்பாசமுத்திரத்து மரச்செப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடைசல் பிடித்து, அரக்கு வண்ணம் ஏற்றி, அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, குடம் என்று ஒரு வீடே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை வைத்து விளையாடும் குழந்தை யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கிறது, அடுத்தவர் பசியைக் கேட்கிறது. இதெல்லாம் ஆண் குழந்தைக்கு வேண்டாமா? பல்லாங்குழியும் அப்படித்தான். கணக்கைக் கைவிரலில் ஏற்றிவிடும் ஆட்டம், அதைப் பொம்பளைங்க ஆட்டம் என்று சொல்லியே பையன்களை எட்ட நிறுத்திவிட்டோம். கல்யாண வீட்டுச் சமையல்காரர் ஆண், பரோட்டா மாஸ்டர் ஆண். காசு வாங்கிக்கொண்டு கரண்டி பிடித்தால் கௌரவம் குறைவதில்லை. வீட்டில் சும்மா பிடித்தால்தான் குறைகிறது.

இதன் கணக்கு நாட்டளவில் தெரிகிறது. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையைச் செய்த ஆண்கள் மட்டும். அப்படிச் செய்தவர்களே ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான். ஐந்து வயதில் பிடுங்கிய தோசைக்கல் முப்பது வயதில் அவன் கைக்குத் தானாக வந்துவிடுமா? கேரளத்தில் 2024இல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவுகிற படம் போட்டார்கள். சின்ன விஷயம்தான், ஆனாலும் அந்தப் படம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

லெகோ பொம்மை நிறுவனம் 2021இல் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வில், பெண்களுக்கானது எனப்படும் பொம்மையை எடுத்தால் கேலி செய்வார்களோ என்று 71 சதவீதப் பையன்கள் பயப்பட்டார்கள். இந்தியா அந்த ஏழில் இல்லை. நம் ஊரில் அந்தப் பயத்துக்கு இன்னொரு பேரும் உண்டு, "பையன் ஒரு மாதிரி ஆயிடுவானோ." பொம்மை யாரையும் எதுவாகவும் மாற்றாது. ஒருவேளை உங்கள் குழந்தை நீங்கள் நினைத்ததுபோல் இல்லாமல் வேறு மாதிரிதான் என்றால், அதற்கு முதலில் வேண்டியது உங்கள் மடி. அதட்டல் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முற்போக்காக வளர்க்கிறோம் என்கிற வீடுகளில் ரோஸ் கவுனையும் வளையலையும் இளக்காரமாகப் பேசுவது ஒரு பெருமையாகிவிட்டது. கொலுவுக்கு மரப்பாச்சிக்குப் பட்டுத் துணி கத்தரித்துக் கொசுவம் வைத்துக் கட்டுகிற சிறுமியைப் பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு பொறுமை, எவ்வளவு கைநுணுக்கம்! அவளைப் பார்த்து "எப்பப் பாரு அலங்காரம்" என்றால், பெண்ணாக இருப்பதே கொஞ்சம் குறைச்சல் என்றுதான் அவள் காதில் விழும். பத்து வயதில் "எனக்குப் பிங்க்கே பிடிக்காது" என்று பெருமையாகச் சொல்லும் பெண் குழந்தைகளைப் பார்க்கிறேன். உண்மையிலேயே பிடிக்கவில்லை என்றால் சரி. பிடிக்கும் என்று சொல்ல வெட்கப்பட்டு அப்படிச் சொல்கிறார்களோ என்பதுதான் என் கவலை.

பிறந்தநாளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் வாங்குகிறவர்கள் தயவுசெய்து ரோஸ் பை, நீலப் பை என்று பிரிக்காதீர்கள். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்துப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்னை விசேஷத்துக்குக் கூப்பிடுகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவைக்கிறேன், பையனோ பெண்ணோ, நான் கொண்டுவருவது மரச்செப்புதான். பிடிக்காத பெரியவர்கள் என்னிடம் வந்து பேசுங்கள். குழந்தை கையிலிருந்து பிடுங்காதீர்கள்.