அந்தப் புள்ள என்ன சொன்னான்னு யாராச்சும் கேட்டீங்களா?

ஞாயித்துக்கிழமை நான் நடத்தற வாசிப்பு வட்டத்துல, ஒரு பத்தாங்கிளாஸ் புள்ள தான் படிச்ச நாவலைப் பத்திப் பேசுனப்ப நடந்த கூத்து வீடியோவா உங்க எல்லாருக்கும் வந்திருக்கும். கோபி, சத்தி, அந்தியூர்னு ஒரு வாட்ஸப் குரூப் பாக்கியில்லை. அதனால மறுபடியும் முதல்ல இருந்து சொல்லப் போறதில்லை. ரெண்டு நாளா வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். நேத்து ஒறம்பரை ஒருத்தர் போன் பண்ணி, "ஏன் அம்மிணி, ஊரான் புள்ளைகளுக்கு என்ன கருமத்தைப் படிக்கக் குடுக்கறே?"ன்னு கேட்டதுக்கப்புறம் முடியலை.

வீடியோ 40 விநாடி. வாத்தியார் அய்யா மைக்கை வாங்கி "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு கண்ணு, நல்லதா நாலு புஸ்தகம் படி"ங்கறாரு. எல்லாரும் கைதட்டறாங்க. அந்தப் புள்ள தலையைக் குனிஞ்சுட்டு உக்கார்றா. அதுக்கு முன்னாடி ஆறு நிமிஷம் அவ பேசுனதை மட்டும் காணோம். அய்யா பக்கம் எழுதுனவங்களும் சரி, எங்க பக்கம் எழுதுனவங்களும் சரி, படிக்கலாமா கூடாதான்னுதான் மல்லுக்கட்டறீங்க. படிச்சுட்டு அவ என்ன சொன்னா?

நான் சொல்றேன். அவ படிச்சது 'ஸ்பீக்'. லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 1999ல வந்த நாவல். ஒரு பார்ட்டியில பெரிய கிளாஸ் பையன் பலாத்காரம் பண்ணிர்றான். அந்தப் பொண்ணு போலீசுக்குப் போன் போட்டுட்டு வாய் வராம நிக்கறா. போலீஸ் வந்து பார்ட்டி கலைஞ்சு போகுது. காட்டிக் குடுத்தவன்னு பள்ளிக்கூடமே அவளை ஒதுக்குது. ஏன் போன் பண்ணான்னு ஒருத்தரும் கேக்கலை. கொஞ்சங்கொஞ்சமா பேச்சே நின்னு போகுது. அமெரிக்காவுலயே இதை நூலகத்துல இருந்து எடுங்கன்னு அடிக்கடி புகார் போகுதாம். அய்யாவுக்கு அங்கயும் பங்காளிக இருப்பாங்களாட்ட இருக்குது.

இதைப் பத்தி நம்ம பத்தாங்கிளாஸ் புள்ள சொன்னது இதுதான்: "போன் பண்ணிட்டுப் பேச வராம நிக்கறது எந்த ஊர்லயும் நெசமுங்க. ஆனா கடைசில அவ கத்துனதும் விளையாட்டு டீம் புள்ளைக மட்டையோட ஓடி வர்றாங்க பாருங்க, அங்கதான் எழுதுனவங்க ஏமாத்திட்டாங்க. எங்க வீதில கத்துனா கதவைச் சாத்திக்குவாங்க."

கெட்டுப் போன புள்ள பேசற பேச்சா இது? புத்தகத்தையே நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறா. இருபது வருஷமா மேடையேறி "அருமையான படைப்பு"ன்னு சொல்லிட்டு இறங்கற நமக்கு இதுல கால்வாசி வருமா?

அவ மட்டுமில்லை. ஒரு பையன், "குடிகார அப்பான்னா எந்தக் கதையிலயும் அடிச்சுட்டேதான் இருக்காரு. எங்கப்பா குடிச்சுட்டு வந்தா பரோட்டாவும் வாங்கிட்டு வருவாருங்க. அது இன்னும் கஷ்டம்"ன்னான். ஒருத்தன் எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டான்: "பக்கத்துக்குப் பக்கம் அழுகை. நாங்க சிரிக்கவே மாட்டமா?" அவனுக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான். இதுல எது வீடியோவுல வந்துது?

"நம்ம கலாச்சாரத்துக்கு ஒத்து வராது"ன்னு நாலு பேர். 2016 மார்ச்சுல உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கிட்ட சாதி மாறிக் கட்டிக்கிட்டதுக்காகப் பட்டப்பகல்ல ஒரு பையனை வெட்டிக் கொன்னதை இதே புள்ளைக டிவியில திரும்பத் திரும்பப் பாத்துத்தான் வளர்ந்தாங்க. அப்ப எந்தக் கலாச்சாரம் வந்து டிவியை நிறுத்துச்சு? அட, நம்ம கொங்கு நாவல்னு பெருமையா சொல்லிக்கறோமே, ஆர். சண்முகசுந்தரத்தோட 'நாகம்மாள்', 1942. புருசன் செத்தவ பூமியில பங்கு கேட்டுக் கொலையில முடியற கதை. அய்யாவே அதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாரு. கண்ணு கலங்கும்.

"படிச்சுட்டு அதே மாதிரி பண்ணிட்டா?"ன்னு ஒரு டாக்டரம்மா கேட்டிருக்காங்க. இது நியாயமான கேள்வி. தற்கொலை பத்தின ஒரு பிரபலமான நாவல் 2017ல தொடரா வந்து, பெரிய சர்ச்சையாகி, அந்தத் தற்கொலைக் காட்சியை 2019ல அவங்களே வெட்டி எடுத்தாங்க. அந்த நாவலை நானும் புள்ளைககிட்டத் தரலை. தராததுக்கு எனக்குக் காரணம் இருக்குது. ஆனா அதை வெச்சு எல்லாத்தையும் பூட்டிரலாம்னா, மன்னிக்கணுங்க, ஒத்துக்க மாட்டேன்.

நான் பதினொன்னாவது படிச்சதும் 1999லதான். கூடப் பத்தாவது படிச்சவ ஒருத்தி ஸ்பின்னிங் மில்லு ஹாஸ்டலுக்குப் போனா. மூணு வருஷம் வேலை, முடிஞ்சா கல்யாணச் செலவுக்கு மொத்தமா பணம், தெரியுமில்ல அந்தத் திட்டம். தீபாவளிக்கு வந்தவ எங்க வீட்டுப் பொடக்காளியில துணி தொவைக்கற கல்லு மேல ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. ஒண்ணும் பேசலை. என்ன கேக்கறதுன்னு எனக்கும் தெரியலை. முறுக்கு எடுத்துட்டு வந்து குடுத்தேன். திரும்பப் போகமாட்டேன்னு வீட்டுல அழுதிருக்கா, அனுப்பி வெச்சுட்டாங்க. தை மாசம் செத்துப் போயிட்டா. வயித்து வலியாம். எங்க காலத்துல எல்லாத்துக்கும் வயித்து வலின்னுதான் பேரு. வகுப்புக்கு வந்து அதைச் சொல்லி, எங்களை ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நிக்க வெச்சவரும் அய்யாதான்.

ஆமா, அவர் என் வாத்தியார். எனக்குத் தமிழ் எழுத வந்ததே அவராலதான். அதனால கமெண்ட்ல யாரும் அவரைத் திட்டாதீங்க, திட்டினா எடுத்துருவேன். "பேரு வாங்கத்தான் இந்தம்மா வட்டம் நடத்துது"ன்னு எழுதுன தம்பிக்கு மட்டும் ஒண்ணு: வாராவாரம் ஞாயித்துக்கிழமையை இதுக்குன்னே விட்டுக் குடுத்துட்டு, இருக்கற சம்பளத்துல புத்தகமும் சுண்டலும் வாங்கிக் குடுத்துப் பேரு வாங்கறதுன்னா எனக்குத் தெரிஞ்சு அதை விடச் சல்லிசான வழி நிறைய இருக்குது சாமி. நீங்க வந்து ரெண்டு வாரம் நடத்துங்க. நான் பின்னாடி உக்காந்து கைதட்டறேன்.

நேத்து ராத்திரி பத்தரைக்கு அந்தப் புள்ளைகிட்ட இருந்து மெசேஜ். அவங்கம்மா போன்ல இருந்து. "அக்கா, அப்பா இனிமேல் போக வேண்டாங்கறாருங்க. புக்கை யாருகிட்டக் குடுத்தனுப்பட்டுங்க?"

இன்னும் பதில் போடலை.