இரவில் திறக்க மாட்டீர்கள் என்றால் அந்த போர்டைக் கழற்றுங்கள்

"24 மணி நேர அவசர சிகிச்சை" என்று பச்சை விளக்கில் எரியும் கால்நடை கிளினிக் போர்டு. அதற்குக் கீழே பூட்டிய ஷட்டர். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு அந்த ஷட்டரைக் கை வலிக்கத் தட்டிக்கொண்டு நின்றேன். காலடியில் கூடை. கூடைக்குள் எங்கள் பட்டு, நான்கு வயது ஆண் பூனை. அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எதிரே டீக்கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தவர்தான் சொன்னார்: "ஒன்பது மணிக்கே பூட்டிட்டுப் போயிருவாங்கம்மா. போர்டு மட்டும் விடிய விடிய எரியும்."

ஒரு மாதம் ஆகியும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டுவுக்கு அன்று சிறுநீர் அடைத்துக்கொண்டது. சாயங்காலத்திலிருந்தே மணல் தட்டுக்குப் போவதும் முக்குவதும் வெளியே வந்து நக்கிக்கொள்வதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்தோம். ஆண் பூனை வைத்திருக்கும் பாதிப் பேர் முதலில் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒன்பதரைக்கு வாந்தி எடுத்தான். அடிவயிற்றைத் தொட்டேன், எலுமிச்சம்பழம் போல உருண்டு கெட்டியாக இருந்தது. அலறிவிட்டான். ஆண் பூனைக்குச் சிறுநீர் போகும் வழி மிகவும் குறுகல். உப்புத் துகளும் சளியும் சேர்ந்து அதை அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டுகூட வெளியே போகாது. கழிவெல்லாம் ரத்தத்திலேயே தங்கும், பொட்டாசியம் ஏறும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடும். இவ்வளவும் எனக்கு அன்று தெரியாது. ஆனால் நான் போன் போட்டவர்களுக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும்.

ஏழு எண்களுக்குப் போன் செய்தேன். எங்கள் ஊர் ஒரு மாவட்டத் தலைநகரம், குக்கிராமம் இல்லை. கூகுள் மேப்பில் மூன்று இடங்கள் "இப்போது திறந்துள்ளது" என்று காட்டின. இரண்டு எண்கள் ஸ்விட்ச் ஆஃப். மூன்று எண்கள் அடித்து அடித்து ஓய்ந்தன. ஒரு இடத்தில் எடுத்தவர், "வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க, டாக்டர் பார்த்தா சொல்றோம்" என்றார். அந்த வீடியோ இன்றுவரை நீல டிக் ஆகவில்லை. ஏழாவது ஆள் சொன்னதுதான் என்னால் மன்னிக்கவே முடியாதது. "பூனைதானே? ஒரு நாள் தாங்கும். திங்கக்கிழமை காலையில கொண்டு வாங்க."

தாங்காது ஐயா. திங்கட்கிழமை காலையில் நான் கொண்டு வந்திருந்தால் விறைத்துப்போன உடம்பைத்தான் கொண்டு வந்திருப்பேன். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். "உடனே மதுரைக்குக் கிளம்புங்க" என்ற மூன்று வார்த்தை போதும், ஒரு உயிருக்கு அது போதும். அதைச் சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை.

என் கோபம் எதன் மேல் என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு டாக்டர் வைத்து நடத்தும் கிளினிக்கை இரவெல்லாம் திறந்து வை என்று நான் கேட்கவில்லை. அவரும் மனிதர்தான். பகலெல்லாம் கடி வாங்கி, கீறல் வாங்கி உழைத்தவர் தூங்கத்தான் வேண்டும். திறக்க முடியாது என்றால் முடியாது என்று எழுதிப் போடுங்கள். "இரவு 9 மணிக்கு மேல் இல்லை" என்று மேப்பில் மாற்ற இரண்டு நிமிடம் ஆகுமா? அந்தப் பொய்யை நம்பி நான் இழந்தது மூன்று மணி நேரம். ஒன்பதரைக்கே தெரிந்திருந்தால் ஒன்பதரைக்கே மதுரைக்குக் கிளம்பியிருப்பேன். நான் கிளம்பியது பன்னிரண்டரைக்கு.

பக்கத்து வீட்டு அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து காரை எடுத்தார். 90 கிலோமீட்டர். இரண்டு மணிக்கு ஒரு கிளினிக்கில் விளக்கு எரிந்தது, உண்மையிலேயே உள்ளே ஆள் இருந்தார். சின்ன வயது டாக்டரம்மா. பட்டுவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவுடனே அவர் முகம் மாறியது. துடிப்பு பாதியாகக் குறைந்திருந்ததாம். முதலில் இதயத்தைக் காப்பாற்ற ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து மெல்லிய ஒரு குழாய். சிவப்பாக வந்தது சிறுநீர். அப்புறம் மூன்று நாள் டிரிப்ஸ், 16,000 ரூபாய் பில். பிழைத்துவிட்டான். என்ன வைத்துப் பிழைக்க வைத்தார்? விரலில் பாதி தடிமன்கூட இல்லாத ஒரு குழாய், சிரிஞ்சு, சலைன். குழாய் போட முடியாவிட்டால்கூட வயிற்றில் ஊசி குத்திச் சிறுநீரை உறிஞ்சி எடுத்தால் சில மணி நேரம் கிடைத்துவிடும் என்றார் அவர். எங்கள் ஊரில் இல்லாத பொருள் இதில் ஒன்றுகூட இல்லை. பூட்டைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

பூனையோடு முடிவதில்லை இது. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டி நாய் ஒரே ராத்திரியில் வற்றிப்போகும், அந்த ராத்திரி டிரிப்ஸ் ஏற்றினால் பிழைக்க வழி உண்டு. வீட்டு வாசலில் கண்ணாடிவிரியனை மறித்துக் கடி வாங்கும் நாட்டு நாய் காலை பத்து மணி வரை காத்திருக்குமா? இன்னொரு கொடுமை இருக்கிறது. யாரும் போன் எடுக்காததால் ஜனங்கள் தாங்களே வைத்தியம் பார்க்கிறார்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று அரை பாராசிட்டமால் மாத்திரையை உடைத்து ஊட்டுகிறார்கள். பூனைக்கு அது விஷம். அதன் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, ஈறெல்லாம் பழுப்பாகி, மூச்சு முட்டிச் சாகும். "கொடுக்காதீங்க" என்று சொல்ல ஒரு குரல் அந்த நேரத்தில் போனில் இருந்திருந்தால் போதும்.

1903-லேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஊர் சென்னை. 1989-இல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் கண்ட மாநிலம் இது. நாய்க்கு ரத்த வங்கி வைத்திருக்கும் அளவுக்கு சென்னை வேப்பேரியில் இருக்கும் அந்தக் கல்லூரியில் படிப்பும் கையும் இருக்கிறது. 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வண்டி வாசலுக்கே வருகிறது. அது வேண்டும், விவசாயிக்கு மாடு போனால் குடும்பமே போகும். ஆனால் ஒரு மாவட்டத்துக்கு ஒரே ஒரு இடமாவது இரவில் திறந்திருக்கக் கூடாதா? பத்து கிளினிக் இருக்கும் ஊரில் ஆளுக்கு ஒரு ராத்திரி என்று முறை போட்டு, இன்றைக்கு யார் என்று எல்லாக் கதவிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? இரவுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கட்டும். தருகிறோம். நாய்க்கு உரிமம் எடு, மைக்ரோசிப் போடு என்று கேட்கத் தெரிந்த நிர்வாகங்களுக்கு இதைக் கேட்கத் தெரியவில்லையா?

அந்த ஷட்டர் வாசலில் நான் தனியாக நிற்கவில்லை. பதினொரு மணி வாக்கில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு தம்பி வந்தார். கொத்தனார் வேலை. முன்னால் பழைய சேலையில் சுற்றிய செவலை நாய். வேன் அடித்துவிட்டது. பின்னங்கால்கள் துவண்டு கிடந்தன, ஆனால் கண் திறந்திருந்தது, அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது. போர்டைப் பார்த்து நம்பித்தான் பதினைந்து கிலோமீட்டர் வந்திருக்கிறார். இருவரும் சேர்ந்து தட்டினோம். கார் வந்தபோது, மதுரைக்கு நீங்களும் வாங்க தம்பி என்று கூப்பிட்டேன். அவர் நாயைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "அவ்வளவு தூரம் தாங்காதுக்கா. அங்க எவ்வளவு கேப்பாங்கன்னும் தெரியல. காலையில தொறந்துருவாங்கல்ல, நான் இங்கயே உக்காந்திருக்கேன்." இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டிருக்க வேண்டும் நான். போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை மதுரையிலிருந்து கூப்பிட்டேன்.

"நாலு மணிக்கே போயிருச்சுக்கா," என்றார். "லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன்."