கட்டைவிரலை மடக்கி இழுப்பது பயிற்சி அல்ல

"கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் தினமும் 20 முறை இழுங்கள், நரம்பு இளகிவிடும்" என்று மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வரும் வலிக்கு (டி குவெர்வெய்ன் எனும் தொல்லை) ஒருவர் வழி எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். அது மருத்துவர் வலியைக் கண்டுபிடிக்க ஒருமுறை செய்து பார்க்கும் சோதனை. வலிப்பது நரம்பும் இல்லை. கட்டைவிரலுக்குப் போகும் இரண்டு தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறைக்குள் நுழைகின்றன. உறை தடித்திருக்கும்போது இழுத்தால் உரசல்தான் கூடும்.

மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் போன்ற ஹார்மோன் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வருவது தெரிந்த விஷயம்தான். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்த வேண்டாம். புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிலருக்கு வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள்.

முதலில் வேண்டியது ஓய்வு. சாதாரண மணிக்கட்டுப் பட்டை போதாது, கட்டைவிரல் அதில் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். கட்டைவிரலின் அடிமூட்டையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் (விறைப்பான தாங்கு பட்டை) வேண்டும்; நுனி மூட்டு மடங்கலாம். பொதுவாக 3 முதல் 6 வாரம். புற்றுநோய் அறுவையில் அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்த பக்கக் கை என்றால் இறுக்கிக் கட்டாதீர்கள்: கழற்றியதும் தோலில் ஆழமான தடம் தெரிந்தாலோ விரல்கள் வீங்கினாலோ தளர்த்துங்கள். பாத்திரத்தை விளிம்பில் கிள்ளித் தூக்காமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அடியில் ஏந்துங்கள்.

ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நன்றாகக் கேட்கும். முடிச்சு எடுத்ததை ஊசி போடுபவரிடம் முன்பே சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஊசிக்குப் பிறகு சில நாள் இரத்தச் சர்க்கரை அளவு ஏறும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.