எஸ்டேட் பிள்ளை மடுவத்துக்கு (குழந்தைக் காப்பகத்துக்கு) ஏன் ஆறு வயசோடு கணக்கு முடியுது?

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு மேடை போட்டு உதவி கொடுக்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. கொடுக்கட்டும். சக்கர நாற்காலி இல்லாமல் தவிக்கிற வீடு எத்தனையோ இருக்கிறது. ஆனால் அதை நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டுக்கு, அதாவது வரிசையாகக் கட்டின தொழிலாளர் குடியிருப்புக்குக் கொண்டுபோய் இறக்கிப் பாருங்கள். ரோட்டில் இருந்து லைனுக்கு இறங்கக் கல்லுப் படி. படி முடிந்தால் சாக்கடை, அதன் மேல் ஒரு பலகை. வாசலில் நாலடி சிமென்ட், அப்புறம் சரிவு. எங்கள் பக்கத்து லைனில் அப்படி வந்த நாற்காலி ஒன்று பிளாஸ்டிக் கவர்கூட முழுசாகக் கிழிக்காமல் திண்ணையில் நிற்கிறது. மேலே விறகு அடுக்கியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பையனை அவன் அப்பா இன்னும் முதுகில் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு வருகிறார். பையனுக்கு மீசை முளைத்துவிட்டது.

நாற்காலியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்த மாதிரிப் பிள்ளை இருக்கிற குடும்பத்துக்கு உதவி என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் பணம் ஞாபகம் வருகிறது, அடுத்தது பொருள். பகலில் அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. தேயிலைக் கொழுந்து பறித்தால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டில் அதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி தெரிந்திருந்தது. ஐம்பது பெண்கள் வேலை செய்கிற தோட்டம் என்றால் அவர்களுடைய ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அதில் போட்டார்கள். தாய்மார் மேல் இரக்கப்பட்டு மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். ரெண்டு கையும் செடியில் இருந்தால்தான் எடை ஏறும் என்பது துரைமாருக்கும் தெரியும். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோனில் இருந்து வந்த எங்கள் பாட்டிமார் அதைப் பிள்ளை மடுவம் என்பார்கள், ஆபீஸ் நோட்டில் கிரச். காலையில் பெரட்டுக்கு (ஆஜர் எடுப்பதற்கு) முன்னால் பிள்ளையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு மலை ஏறலாம்.

ஆறு வயதானால் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. போக முடியாத பிள்ளை? போன பிறகு பதினொரு மணிக்கே "வந்து கூட்டிட்டுப் போங்கம்மா" என்று போன் வருகிற பிள்ளை? பதினாறு வயதிலும் கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய பிள்ளை? சட்டத்தின் பார்வையில் இவர்கள் எல்லோரும் ஆறு வயதில் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள்.

என் தம்பிக்கு மூளை முடக்குவாதம். மடுவத்தில் இருந்த வரைக்கும் அம்மாவுக்குப் பேர் (ஒரு நாள் கூலி) தவறாமல் விழுந்தது. அதற்கப்புறம் அவனைத் தேயிலைக் காட்டுக்கே தூக்கிப் போனார். சில்வர் ஓக் மரத்தடியில் சாக்கு விரித்து, குடையைக் கிளையில் கட்டி, அவனைப் படுக்க வைத்துவிட்டு நிரையில் (செடி வரிசையில்) இறங்குவார். தேவாலா, பந்தலூர் பக்கம் ஆனி ஆடி மழையைப் பார்த்தவர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றப் பிள்ளைக்கு அட்டை ஏறினால் கத்தும், பிடுங்கி எறியும். இவனுக்குக் கை அவ்வளவு தூரம் வராது. அம்மா ஒரு நிரை முடித்துவிட்டு வந்து பார்த்தால் காது மடலுக்குப் பின்னால் ரெண்டு, கழுத்துக் குழியில் ஒன்று, குடித்து உருண்டு தொங்கும். முந்தானையில் முடிந்து வைத்த உப்பை ஒற்றி ஒற்றி எடுப்பார். அவன் அம்மா முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்புத்தான் அம்மாவுக்குத் தாங்காது.

பிறகு அவனை வீட்டில் விட்டோம். வீட்டில் விட்டோம் என்றால் கூட நான் இருந்தேன் என்று அர்த்தம். லைனுக்கு ஒரு அக்கா இப்படி இருப்பாள். ஐந்தாவதோ ஏழாவதோ படிக்கும்போது முதலில் மழை நாளில் மட்டும் நிற்பாள், பிறகு கொழுந்து கூடுகிற மாதங்களில் நிற்பாள், பிறகு நின்றே விடுவாள். நல்லவேளை, எனக்கு ஒரு டீச்சர் வீடு தேடி வந்து சண்டை போட்டார். சண்டை போட ஆள் வராத வீடுதான் அதிகம். உடன்பிறந்தவளுக்கென்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது.

அக்காவும் இல்லாத வீடுகளில் கதவைப் பூட்டுகிறார்கள். "பிள்ளையப் போட்டுப் பூட்டிட்டுப் போறா, கல்நெஞ்சக்காரி" என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். திறந்துவிட்டுப் போகச் சொல்கிறீர்களா? யானை லைன் வாசலுக்கு வருகிற ஊர் இது. 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம் அங்கன்வாடியில் இருந்து அம்மாவுடன் வந்துகொண்டிருந்த மூன்று வயதுப் பிள்ளையைச் சிறுத்தை கொண்டுபோனது ஊர் முழுக்கத் தெரியும். கூடவே தாய் இருந்தும் அப்படி. ஆட்டிசம் இருக்கிற பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது, ஓட ஆரம்பித்தால் நிற்காது. அதனால்தான் எங்கள் மூன்றாவது வீட்டு அக்கா டிபன் டப்பாவையும் தண்ணீரையும் எட்டுகிற இடத்தில் வைத்து, டிவியைப் போட்டுவிட்டு, பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். பத்து மணி டீக்கு மற்றவர்கள் உட்காரும்போது இவள் மலையில் இருந்து ஓடி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடுவாள். எடை குறைந்தால் மேஸ்திரி வாயைக் கேட்க வேண்டும். (அம்மா அம்மா என்றே எழுதுகிறேனே, அப்பா எங்கே என்று கேட்பீர்கள். முதுகில் தூக்குகிற அப்பாவை மேலே எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் நிறைய இருந்தால் நிறைய எழுதுவேன்.)

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருந்தால் பஸ் சலுகை, கூட வருகிறவருக்கும் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் எடுக்கலாம், தெரபிச் செலவும் அதில் வரும். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலர் என்று கலெக்டர் தலைமையிலான குழுவில் உத்தரவு வாங்கி வைப்பது நல்லது. 1999ஆம் வருஷத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இது. பேங்கில் போய் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

ஒரு சேதி எங்கள் தாலுகாவுக்கு முக்கியம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிற 21 ஊன வகைகளில் அரிவாள் அணு ரத்தசோகையும் ஒன்று. சிக்கிள் செல் என்றால் கூடலூர், பந்தலூரில் எல்லோருக்கும் தெரியும், பழங்குடிப் பிள்ளைகளிடம் அதிகம். குளிர் ஏறினால் கை கால் மூட்டெல்லாம் வலி பிடுங்கும், மறுநாள் பார்த்தால் பிள்ளை ஒன்றுமில்லாத மாதிரி ஓடும். பள்ளிக்கூடத்தில் "சோம்பேறி, ஸ்கூலுக்கு மட்டம் போடறான்" என்று பேர் வாங்குவது இந்தப் பிள்ளைகள்தான். தயவுசெய்து மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, இவ்வளவும் இருக்கிறதே, அப்புறம் என்ன? எங்கள் தாலுகாவின் சேரம்பாடியில் இருந்து, மாவட்ட ஆபீஸ்கள் இருக்கிற ஊட்டி 80 கிலோமீட்டருக்கு மேல். கூடலூரில் பஸ் மாறி, நடுவட்டம் வளைவுகள் ஏறி, வழி நெடுக வாந்தி எடுக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனால் ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் முழுசாகப் போகும், ரெண்டு பேருடைய பேரும் போகும். கூடலூரில் முகாம் போடுகிறார்கள், அது பெரிய உபகாரம். வட்டார வள மையத்தில் இருந்து சிறப்பு ஆசிரியர்களும் பிசியோ கொடுப்பவர்களும் வீட்டுக்கே வருகிறார்கள், மழையில் நனைந்துகொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாப் பயிற்சியும் கடைசியில் எப்படி முடிகிறது? "அம்மா, இத நீங்க தினமும் மூணு வேளை பண்ணிவிடுங்க." மூன்று வேளை. அவள் சாயங்காலம் எடை போட்டுவிட்டு, விறகு சுமந்துகொண்டு வந்து சேரும்போது இருட்டியிருக்கும். எல்லாத் திட்டமும் சுற்றி வந்து அவள் தோளில்தான் உட்காருகிறது.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஊனமுள்ள பிள்ளையை வளர்க்கிற தாய்க்குப் பராமரிப்பு விடுப்பு இல்லை என்பது பெண்கள் வேலையில் பங்கெடுப்பதையே பாதிக்கிற அரசியல் சாசனப் பிரச்சினை என்று சொன்னது. இமாச்சலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரியில் வேலை பார்க்கிற அம்மா போட்ட வழக்கு. அவருக்கு என் கும்பிடு. இங்கே நாள் கூலிக்காரிக்கு விடுப்பு என்றால் சம்பளம் இல்லாத நாள், அவ்வளவுதான். எங்களுக்கு லீவு வேண்டாம். வேலைக்குப் போக வழி வேண்டும்.

வழி ரொம்ப தூரத்தில் இல்லை. சேரம்பாடியில் பஸ் ஏறினால் ஊட்டிக்கு முன்னால் சுல்தான் பத்தேரி வந்துவிடும். உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள். அந்தப் பக்கம் கேரளாவில் பஞ்சாயத்துகளே பட்ஸ் என்ற பேரில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பகல் பள்ளி நடத்துகின்றன. 2004இல் திருவனந்தபுரம் பக்கம் வெங்ஙானூர் பஞ்சாயத்தில் தொடங்கியது, குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் கூட நிற்கிறார்கள். பதினெட்டு தாண்டியவர்களுக்கும் தனி மையங்கள் உண்டு. முழு நேரமும் ஆள் தேவைப்படுகிற நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஆஸ்வாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய் கொடுக்கிறார்கள். அறுநூறு ரூபாயில் என்ன வரும், சரிதான். ஆனால் அந்தப் பணம் பார்த்துக்கொள்கிறவர் பேருக்கு வருகிறது. அவளும் ஒரு ஆள் என்று ஒரு ரிஜிஸ்டரில் ஏறியிருக்கிறது.

நான் கேட்பது புதுக் கட்டடம்கூட இல்லை. லைன்களில் இளசுகள் எல்லாம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். தொட்டில் வரிசையாகத் தொங்கிய மடுவங்களில் இன்றைக்கு நாலு பிள்ளை, மூன்று பிள்ளை. கட்டடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஆயா இருக்கிறார். எங்கள் எஸ்டேட்டில் கேட்டபோது "ஆறு வயசுக்கு மேல ரூல்ஸ் இல்ல" என்றார்கள். ரூல்ஸ் ஆறு வயது வரைக்கும் கட்டாயம் என்கிறதே ஒழிய, ஏழு வயதுப் பிள்ளை உள்ளே வந்தால் துரத்து என்று எங்கேயும் சொல்லவில்லை. பெரிய பிள்ளையைத் தூக்கவும் கழுவவும் ஒரு ஆயாவால் முடியாது, இது நியாயமான பேச்சு. கூட ஒரு ஆள் வேண்டும், அந்தச் சம்பளத்தைத் தோட்டமும் ஊராட்சியும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். வள மையத்துப் பிசியோவும் வீடு வீடாக ஏறி இறங்குவதற்குப் பதில் வாரம் ஒருநாள் அங்கேயே வரலாம்.

"கீழ கோயம்புத்தூர்ல ஹோம் இருக்கே, விட்டுட்டு நிம்மதியா இரு" என்று என் அம்மாவிடமும் சொன்னவர்கள் உண்டு. வேறு கதியே இல்லாமல் விடுகிறவர்களை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் மற்றப் பிள்ளையை மலையில் வளர்க்கலாம், இவனை மட்டும் இறக்கிவிட வேண்டும் என்பது என்ன நியாயம்? அவனுக்கும் இந்தக் குளிர்தான் பழக்கம், இந்த லைன் ஆட்களின் குரல்தான் பழக்கம். என் தம்பி மேஸ்திரி ஜீப் சத்தத்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்து அம்மாவுக்கு முன்னால் கத்துவான்.

அக்கம்பக்கத்துக்காரர்களிடமும் ஒன்று. "சாமி குழந்தைம்மா, போன ஜென்மத்துப் புண்ணியம்" என்பதை நிறுத்திவிடலாம். கேட்கிறவளுக்கு அது ஒரு கிளாஸ் டீக்குக்கூட உதவாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் நான் பார்த்துக்கிறேன், நீ ரேஷனுக்குப் போய்ட்டு வா என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை நம்ப மாட்டாள். எப்படிச் சோறு ஊட்டுவது, வலிப்பு வந்தால் எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுப்பாள்.

ஜனவரி 26 கிராம சபையில் மடுவம் விஷயத்தைத் தீர்மானமாக வைக்க மனு தயாராகிவிட்டது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்ப்பது, கூடுதலாக ஒரு ஆள், ரோட்டில் இருந்து மடுவம் வரைக்கும் சாய்தளம். கேட்பது இந்த மூன்றுதான். கையெழுத்துப் போட நேரில் வர வேண்டிய அம்மாக்கள் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருவது என்று இப்போதே கேட்கிறார்கள். கூட்டம் நடக்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கேட்டிருக்கிறோம், பார்த்துக்கொள்ள ரெண்டு பேர் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரு பையன் நல்ல கனம், தூக்கத் தெம்புள்ள ஆம்பிளை ஆள் ஒருவர் வேண்டும். வர முடிகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.